தராசின் கைராசி

அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டது என்பதற்கு அடையாளம் இரண்டு. எதிர் வீட்டு இன்சூரன்ஸ்காரர் பனியனோடு வாசலில் நின்று செய்தித்தாளை உதறுவார். எட்டு அடித்ததும் தராசு தன் நீலக் காரைக் கிளப்புவார்.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மனுஷன் முப்பத்து நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி எடைக்கல்லைப் புரட்டிப் பார்த்து, பத்து கிராம் குறைந்தாலும் கடைக்காரரை உண்டு இல்லை என்று பண்ணியவர். அவர்கள் வைத்த பெயர்தான் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேரே சொன்னார்கள், கடைசியில் அவரே போனை எடுத்து "தராசு பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததே தவிர, கண்ணுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. வீட்டுப் பால் பாத்திரத்தைக்கூட ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்ப்பார்.

கார் அவரைவிட இரண்டு வயது மூத்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. வாரம் முழுக்க ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். ஞாயிறு ஒரு நாள்தான் வெளியே வரும், ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும். இப்படி நின்று நின்று ஓடும் பழைய கார்கள் காலையில் அவ்வளவு லேசில் கிளம்பாது. சாவியைத் திருப்பத் திருப்ப, வயசானவர் தொண்டையைச் செருமுகிற மாதிரி செருமிக்கொண்டே இருக்கும். ஊரில் பழைய கார் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேர்த்து வழிந்து நிற்பார்கள், தராசைத் தவிர.

ஆறரைக்குக் குளிக்கப் போவார். ஏழேகாலுக்கு முன்னால் வெளியே வர மாட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஷெட்டுக்கு வந்து, துணியை விலக்கி, கண்ணாடியைத் துடைத்து, சீட்டில் உட்கார்ந்து, டாஷ்போர்டை மூன்று தட்டுத் தட்டி, "கிளம்புடா ராஜா" என்பார். சோக்கை இழுப்பார். ஆக்ஸிலேட்டரை இரண்டு மிதி. ஒரே சாவி. டுர்ர் என்று எழுந்து உட்காரும்.

"சார் கை பட்டாப் போதும்!" என்பார் எதிர் வீட்டு இன்சூரன்ஸ்காரர், செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"எல்லாம் கைராசி" என்று தராசு வலது கையைத் தூக்கிக் காட்டுவார். எதையும் நிறுத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத மனுஷன், இந்த ஒரு விஷயத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கவே இல்லை.

அந்தக் கையைத் தவிர வேறு எந்தக் கையும் கார்மேல் படக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவர் மனைவி ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பிள்ளைகள் 'லேப் அம்மா' என்று கூப்பிட்டு, அதுவே நிலைத்துப்போயிற்று. நாற்பத்து மூன்று வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, முதல் முயற்சியிலேயே லைசென்ஸும் எடுத்தவர். அந்த லைசென்ஸை எடுத்துக்கொண்டு நீலக் காரின் பக்கம் வந்தபோது, "இந்த வண்டி என் கைக்குத்தான் பழக்கம், உனக்குக் கட்டுப்படாது" என்று தராசு கையை விரித்துவிட்டார். லைசென்ஸ் அன்றைக்கே அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்ப் படுத்தது. லேப் அம்மா அதற்காகச் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் எலுமிச்சை மணக்க மணக்கக் காபி கொண்டுவந்து கொடுப்பார். அதை விடுமுறை நாளின் வாசனை என்றே தராசு நினைத்திருந்தார்.

ஊரில் பழைய கார்க்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பதினேழு உறுப்பினர்கள், பத்தொன்பது கார்கள், அதில் ஓடுவது பதினொன்று. செயலாளர் நம்ம தராசுதான். வருஷத்துக்கு ஒருமுறை கார்கள் ஊர்வலமாகப் போகும். ஒன்பது வருஷமாக ஊர்வலத்தில் முதல் கார் நீலக் கார். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தானோ என்னவோ, தராசு ஒரு விதி எழுதினார். சங்கத்தில் அதற்குப் பெயர் மூன்று சாவி விதி.

ஊர்வலத்துக்கு முந்தின ஞாயிறு பரிசோதகர்கள் உறுப்பினர் வீட்டுக்கே வருவார்கள். எஞ்சின் ஜில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் சாவியை மூன்று தடவை திருப்பலாம், தடவைக்குப் பத்து விநாடி. மூன்றிலும் கிளம்பாத காருக்கு அந்த வருஷம் ஊர்வலம் இல்லை. தள்ளக்கூடாது. பானெட்டைத் திறக்கலாம், "ஆயினும் திறக்காமல் கிளப்புவதே அழகு" என்று கையோடு ஒரு குத்தும் குத்தியிருந்தார். அந்தக் குத்து மச்சானுக்கு.

மச்சான் என்றால் லேப் அம்மாவின் தம்பி, பல் டாக்டர். அவரிடம் ஒரு பச்சைக் கார் இருக்கிறது. அது கிளம்புவதற்குள் அவர் நாலு பல் பிடுங்கிவிடலாம். ஒரு வருஷம் அவர் மெக்கானிக்கை வைத்துக் கிளப்பிவிட்டு, ஊர்வலத்தில் தான் ஏறி உட்கார்ந்து ஜம்மென்று ஓட்டினார். தராசுக்கு வந்ததே கோபம்! உடனே விதியில் இன்னொரு வரி சேர்ந்தது: கிளப்பியவர் எவரோ, அவரே ஊர்வலத்தில் ஓட்ட வேண்டும். போன வருஷம் மச்சான் மூன்று சாவியிலும் தோற்று வெளியே நின்றார். தோற்றவருக்கும் தராசின் விதிப் புத்தகத்தில் ஒரு வேலை இருந்தது. போன வருஷம் தோற்றவரே இந்த வருஷம் பரிசோதகர். அவருக்குத்தான் யார்மேலும் பாசம் இருக்காது என்று காரணமும் எழுதியிருந்தார்.

பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வேறு ஊரில் இருக்கும் மகள் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். லேப் அம்மா திங்கட்கிழமையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கிளம்புகிறவர் ஷெட் வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றார்.

"என்னங்க, நான் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்களேன்."

"ஏன்?"

"சும்மாத்தான் சொன்னேன்."

"நீ பாப்பாவைப் பாரு. வண்டியை நான் பாத்துக்கறேன்" என்றார் தராசு. முப்பத்திரண்டு வயது மகள் அவருக்கு இன்னும் பாப்பாதான்.

முதல் ஞாயிறு மழை. மழையில் நீலக் கார் வெளியே வராது, அது இன்னொரு சட்டம். இரண்டாவது ஞாயிறு வெயில் பளிச்சென்று அடித்தது. தராசு குளித்தார், சட்டை போட்டார், கண்ணாடியைத் துடைத்தார், மூன்று தட்டுத் தட்டினார்.

"கிளம்புடா ராஜா."

செல்ஃப் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ராஜா கிளம்பவில்லை.

மறுபடி திருப்பினார். மறுபடி செருமல். ஆக்ஸிலேட்டரை இரண்டுக்குப் பதில் பத்து மிதி மிதித்தார், அப்புறம் இருபது. சோக்கை இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். இறங்கி ஒரு சுற்று வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஏறி உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். பதினாலாவது சாவியில் பேட்டரி 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு கண்ணை மூடியது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர் வீட்டு இன்சூரன்ஸ்காரர் செய்தித்தாளை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். பேசியிருந்தாலாவது பரவாயில்லை.

மறுநாள் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் ஒரு லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, பேட்டரியைப் பார்த்தான், தராசின் முகத்தைப் பார்த்தான்.

"அம்மா ஊர்ல இல்லையா சார்?"

"ஏன்டா, பேட்டரிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா கேட்டேன் சார்." அவன் எழுந்து வந்து கையைத் துடைக்க ஆரம்பித்தான். "வண்டி நின்னுச்சுன்னா கார்புரேட்டர்ல இருக்கற பெட்ரோல் ஆவியாப் போயிடும் சார். டேங்க்ல இருந்து புதுசா இழுத்துட்டு வரணும்னா எஞ்சின் சுத்தணும். அது வந்து சேர்றதுக்குள்ள பேட்டரி படுத்துடும். நீங்க மிதிக்கறதெல்லாம் வெறும் காத்து. மேல இருக்கற மூடியைக் கழட்டி, ஒரு முப்பது மில்லி ஊத்துனா ஒரே சாவி."

"இருபத்தாறு வருஷமா ஊத்தாமக் கிளம்பின வண்டிக்கு இப்ப மட்டும் ஏன் ஊத்தணும்?"

மெக்கானிக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"எனக்கெப்படி சார் தெரியும்? வேணும்னா ஞாயித்துக்கிழமை காலைல நான் வந்து ஊத்திட்டுப் போயிடறேன். யாருக்கும் தெரியாது."

"நீ ஊத்தி நான் கிளப்பினா அதுக்குப் பேரு கைராசியா? மச்சான் பண்ணின திருட்டு வேலையை நானும் பண்ணணுமா? பேட்டரியை மட்டும் சார்ஜ் போடு, போதும்!"

"சரி சார்" என்றான் மெக்கானிக். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வெளியே வராமல் திரும்பிப் போனது. தராசு அதைக் கவனித்தார். ஆனால் அது எதற்கான சிரிப்பு என்று யோசிக்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை மனைவிக்குப் போன் போட்டார். மகளின் கால் எப்படி இருக்கிறது என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நீ போனதுல இருந்து வண்டி மக்கர் பண்ணுது."

அந்தப் பக்கம் பின்னால் மகள் "என்னம்மா, அப்பா வண்டியா?" என்று கேட்பதும், ஏதோ அமுக்கிச் சிரிப்பதும் கேட்டது.

"நான் சனிக்கிழமை வந்துடறேன்" என்றார் லேப் அம்மா.

"நீ வந்து என்ன பண்ணப் போறே?"

"ஒண்ணும் பண்ணலை. வர்றேன், அவ்வளவுதான்."

போனை வைத்த பிறகு தராசுக்குத் தாங்கவில்லை. ஊர்வலம் போனால்கூடப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். முடியவில்லை. ஒன்பது வருஷமாக முதல் காரில் போனவர், பத்தாவது வருஷம் நடைபாதையில் ஸ்டாப்வாட்சோடு நிற்பதா? அதைவிட, தெருவில் எவனாவது "என்ன சார், கைராசி என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டால்? வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதே கைதான்.

அந்த வாரம் அவர் பண்ணிய கூத்தை வெளியே சொன்னால் வெட்கம். வெள்ளைச் சட்டையை மாற்றி, கார் வாங்கிய வருஷம் போட்டிருந்த கோடு போட்ட சட்டையைத் தேடி எடுத்தார். பட்டன் எட்டவில்லை. சீட்டை அரை அங்குலம் முன்னால் நகர்த்தினார், அப்புறம் பழையபடி பின்னால் நகர்த்தினார். சாவியை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று சமையலறையில் பழம் தேடியவர், அங்கே ஒரு கூடை நிறையப் பிழிந்து காய்ந்த தோல் கிடப்பதைப் பார்த்து, இவள் எதற்கு இதையெல்லாம் சேர்த்து வைக்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தார். பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயத்தில் சாவியை மட்டும் திருப்பிப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை லேப் அம்மா வரவில்லை. ரயில் தாமதம், காலையில்தான் வந்து சேரும் என்று தகவல் வந்தது.

ஞாயிறு எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மச்சான் வந்தார், கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க. கூடவே பதிவேட்டோடு சங்கத்து உறுப்பினர், அச்சகம் நடத்தும் பிரஸ்காரர். பிரஸ்காரருக்குச் சொந்தமாகப் பேச்சு கிடையாது, சொன்னதை எழுதுவார்.

"நல்லா இருக்கீங்களா அத்தான்? அக்கா இன்னும் வரலையா?" என்றார் மச்சான். ஷெட்டுக்குள் போய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு. எழுதிக்கங்க."

பிரஸ்காரர் எழுதினார். எதிர் வீட்டு இன்சூரன்ஸ்காரர் செய்தித்தாளை உதறினார். தராசு உட்கார்ந்து மூன்று தட்டுத் தட்டினார். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

முதல் சாவி. பத்து விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று விதி எழுதியபோது அவருக்குத் தெரியாது.

"ஒண்ணு" என்றார் மச்சான். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. அதுதான் தராசுக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது.

இரண்டாவது சாவி. நடுவில் ஒருமுறை 'டப்' என்று ஏதோ பிடிக்கப் பார்த்தது. தராசு உயிர் வந்த மாதிரி நிமிர்ந்தார். மறுபடி செருமல்.

"ரெண்டு. அத்தான், அவசரமே இல்லை. மூணாவதுக்குக் கொஞ்சம் டைம் எடுத்துக்கங்க. அக்கா வரட்டும்."

"எதுக்கு எல்லாரும் அக்கா அக்கான்னே சொல்றீங்க?" என்று தராசு கத்தினார்.

அப்போதுதான் வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. லேப் அம்மா பெட்டியோடு இறங்கினார். கணவரின் முகம், தம்பியின் கழுத்தில் தொங்கும் கடிகாரம், பிரஸ்காரரின் பேனா, எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"என்னங்க, ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள வாங்களேன். பாப்பா உங்களுக்கு ஒண்ணு குடுத்து விட்டிருக்கா."

"இப்ப வேண்டாம்."

"அஞ்சே நிமிஷம். தம்பி இங்கயேதான் இருப்பான்." கண்ணால் ஏதோ சொல்லப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷ சம்சாரத்தில் தராசு அந்தக் கண்ணை எப்போது பார்த்திருக்கிறார், இப்போது பார்க்க?

"சொன்னாப் புரியாதா உனக்கு? ஒரு ஆம்பிளை டென்ஷன்ல இருக்கும்போது குறுக்க வந்து நிக்காதே. உனக்குப் புரியாத விஷயம் இது. வண்டியைத் தொடாதே, தள்ளி நில்லு!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டுச் செய்தித்தாள் அசையாமல் நின்றது. மச்சான் "அத்தான்…" என்று ஆரம்பித்து, அக்காவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

லேப் அம்மா உள்ளே போனார். அவ்வளவுதான், கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று தராசு நினைத்தார். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தபோது அந்த அம்மாவின் ஒரு கையில் பழுப்பு நிறப் பாட்டில், இன்னொரு கையில் கோடு போட்ட கண்ணாடி அளவுக் குழாய், தோளில் ஒரு பழைய துண்டு.

நேரே போய் பானெட்டைத் தூக்கினார். தாங்கு கம்பி எங்கே இருக்கிறது என்று தேடவில்லை, கை தானாகப் போனது. ஏர் ஃபில்டர் மூடியின் நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றி, வாயில் கடித்துக்கொண்டார். பாட்டிலிலிருந்து பெட்ரோலைக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கி, திரவத்தின் அடிவளைவு கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்தார். தராசு முப்பத்து நாலு வருஷம் கடைக்காரர்களிடம் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவன்கூட ஒழுங்காகச் செய்யாத காரியம் அது.

"முப்பது" என்றார் லேப் அம்மா, நட்டைக் கடித்துக்கொண்டே. ஊற்றினார். மூடினார். துண்டால் துடைத்தார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றார்.

"நகருங்க. சாவி."

தராசின் முகத்தில் ஈயாடவில்லை. நகர்ந்தார். எப்படி நகர்ந்தார், சாவியை எப்படிக் கொடுத்தார் என்று பிறகு கேட்டால் அவருக்கே தெரியாது. லேப் அம்மா உட்கார்ந்தார். டாஷ்போர்டைத் தட்டவில்லை. ராஜா என்று கூப்பிடவில்லை. சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினார்.

டுர்ர்.

"ரெண்டு விநாடி" என்றார் மச்சான். கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்ன மாதிரிதான் இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிரஸ்காரர் பேனாவை வைத்துக்கொண்டு தவித்தார். "சார்… கிளப்பினவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல யாரை எழுதறது? கிளப்பினவங்கதான் ஊர்வலத்துல ஓட்டணும்னு விதி இருக்கு."

"அதெல்லாம் பாத்துக்கலாம், அத்தான் பேரையே எழுதுங்க" என்றார் மச்சான். "வீட்டுக்குள்ள நடந்தது வீட்டோட போகட்டும்."

அந்த ஒரு வார்த்தையில் தராசுக்குச் சுருக்கென்றது. யார் காரை வெளியே நிறுத்தினாரோ அந்த மச்சான் அவருக்குப் பிச்சை போடுகிறார். எடை குறைந்த கல்லைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விடச்சொல்கிறார். அவர் பிரஸ்காரரைப் பார்த்தார்.

"விதி விதிதான். அவ பேரை எழுதுங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகு லேப் அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து காபி போட்டார். தராசு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா?"

"வாங்கின ரெண்டாவது வருஷம் ஆரம்பத்துல இருந்து. மெக்கானிக்கோட அப்பாதான் சொல்லிக்குடுத்தார். நீங்க குளிக்கப் போனதும் ஊத்திட்டு வந்துடுவேன்."

"மெக்கானிக்குக்குத் தெரியும். உன் தம்பிக்கு?"

"தெரியும்."

"பாப்பாவுக்கு?"

"அவதான் டார்ச் பிடிப்பா, சின்னதுல."

"எதிர் வீட்டுக்காரருக்கு…?"

"ஆறரைக்குப் பேப்பர் எடுக்க வெளிய வர்றவருக்குத் தெரியாம இருக்குமா?"

தராசு ஆடிப்போனார். வாரா வாரம் செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்த அந்த முகம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. ஊரே சேர்ந்து இருபத்தைந்து வருஷமாக அவரை எடை போட்டிருக்கிறது, அவர் ஒருவர்தான் தட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை? சொல்லியிருந்தா நானே ஊத்தியிருப்பேனே."

"சொன்னேன். முதல் வருஷமே சொன்னேன். 'பள்ளிக்கூட லேப்ல பாட்டில் கழுவறவ எனக்கு வண்டி சொல்லித் தர்றியா'ன்னு கேட்டீங்க."

அவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதே பெரிய கேவலமாக இருந்தது.

"அந்த வருஷம் ஞாயித்துக்கிழமை எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா?" லேப் அம்மா குரலை உயர்த்தவில்லை. "வண்டி கிளம்பலைன்னா நீங்க போடற சத்தத்துல பாத்திரம் அதிரும். செல்ஃப் சத்தம் ரெண்டாவது தடவை கேட்டதுமே பாப்பா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவா. ஆறு வயசு. மத்தியானம் வரைக்கும் வெளிய வர மாட்டா. தட்டை உள்ள தள்ளி விட்டுத்தான் சாப்பிட வைப்பேன். உங்க வண்டி கிளம்பணும்னு நான் ஊத்தலைங்க. எங்களுக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்னு ஊத்தினேன்."

காபி ஆறிப்போயிற்று. லேப் அம்மா எழுந்து பெட்டியைப் பிரிக்கப் போனார். தராசுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியாததால் கணக்குப் போட்டார். அவருக்குத் தெரிந்தது அதுதான். முப்பது மில்லி, வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, இருபத்தைந்து வருஷம். மழை நாளைக் கழித்தாலும் முப்பத்தைந்து லிட்டருக்குக் குறையாது. கிட்டத்தட்ட ஒரு டேங்க். ஒரு டேங்க் பெட்ரோலைத் துளித்துளியாக ஊற்றி அவருடைய வாயை மூடி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இந்த முறை பதிலுக்காகக் காத்திருந்து கேட்டார். வேறு ஒன்று கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. "உடம்பைப் பாத்துக்கோ பாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஊர்வலத்தன்று ஆறு மணிக்கே விழித்துவிட்டார். லேப் அம்மா குளிக்கப் போகும் சத்தம் கேட்டதும், செருப்புக்கூடப் போடாமல் ஷெட்டுக்கு நடந்தார். பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடவே பத்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் வீட்டுக்குள் வந்து பார்த்தால், அலமாரியின் மேல்தட்டில், அவருடைய விதிப் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது. நட்டைக் கடித்துப் பார்த்தார், கசந்தது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அளவுக் குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கினார். முப்பது. ஊற்றும்போது ஒரு துளி விரலில் வழிந்தது.

எட்டு மணிக்கு லேப் அம்மா வெளியே வந்தார். பட்டுப்புடவை, கையில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து வெளியே வந்த லைசென்ஸ். சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டிலை எடுக்கத் திரும்பி உள்ளே போகவில்லை, பானெட்டைத் திறக்கவில்லை. தராசை ஒருமுறை பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பினார். டுர்ர்.

"அடேயப்பா!" எதிர் வீட்டுச் செய்தித்தாள் கீழே இறங்கியது. "அம்மா கை பட்டதும் கிளம்பிடுச்சே! இதுதான் கைராசி!"

தராசுக்கு வாய் திறந்தது. நான்தான் ஊற்றினேன் என்ற வார்த்தை நுனி நாக்கில் வந்து நின்றது. அந்த அளவு சின்ன வார்த்தையை விழுங்குவது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. விழுங்கினார்.

"ஆமாமா" என்று சொல்லிவிட்டுச் சுற்றி வந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

கார் தெருமுனை திரும்பியது. லேப் அம்மா கியரை மாற்றினார், வண்டி ஒரு முனகல் இல்லாமல் கட்டுப்பட்டது. கொஞ்ச தூரம் போனதும் மூக்கை உறிஞ்சினார்.

"கையில பெட்ரோல் வாடை அடிக்குது."

"சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினேனே" என்றார் தராசு, கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு.

"சோப்புக்கெல்லாம் போகாதுங்க" என்றார் லேப் அம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்க்கணும்."